லாயத்துச் சுவரில் கரிப்பாட்டு

அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னபோது மாட்டேன் என்றேன். ஒருவர் முகத்துக்கு நேராக நான் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சுவரில் இருந்தது எழுத்தே இல்லை என்றார்கள். சும்மா கரிக்கோடு என்றார்கள். கல்யாண பேண்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஊதினவர்களைப் பற்றித்தான் பேசுவார்கள், பேசட்டும். ஒரு பாட்டு ரெக்கார்டிலிருந்து இறங்கி வாத்தியங்களுக்குள் போவதற்கு முன்னால் நடுவில் எங்கே தங்கியது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பேண்டில் அது சுவரில் தங்கியது. எழுதியவன் நான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அது புதுக்கோட்டையில் ஒரு பழைய குதிரை லாயம். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அதன் பிறகு குதிரைகள் போயின, கோச்சு வண்டிகள் போயின, அரண்மனையில் ஊதிக்கொண்டிருந்த சிலருக்கு வேலையும் போயிற்று. அவர்களில் கார்னெட் என்ற குட்டைப் பித்தளைக் குழலை ஊதிய ஒருவர் அந்த லாயத்தை வாடகைக்குப் பிடித்து ஒரு கல்யாண பேண்டு ஆரம்பித்தார். அவரை நாங்கள் வாத்தியார் என்று கூப்பிட்டோம்.

எனக்குப் பெரிய டிரம். அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தவன். நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். டிரம்மைத் தோளில் மாட்டி வயிற்றுக்கு முன்னால் நிறுத்தினால் பாதி ஆள் மறைந்துவிடுவேன். அந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளியிலிருந்து கேட்பவர்களுக்குப் பேண்டு ஒரே சத்தம். உள்ளே அது பல பாஷை. கிளாரினெட் ஊதியவர் நாகசுரக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு ச ரி க ம என்று தமிழில் எழுதினால்தான் விரல் நகரும். வாத்தியார் அரண்மனையில் படித்தது இங்கிலீஷ் முறை. ஐந்து கோடு போட்டு அதன்மேல் புள்ளி வைத்து எழுதுவார். யூஃபோனியம் என்ற பெரிய பித்தளை வாத்தியத்தை ஊதியவர் மாதா கோவிலில் பழகியவர். அவருக்கு எந்த எழுத்தும் ஆகாது. எந்தக் கட்டையை எப்போது அமுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், சாகும்வரை மறக்க மாட்டார். ஹாரன் என்ற வளைந்த பித்தளைக் குழலை ஊதியவர் வாத்தியாருக்கு மச்சினர், அவர் மனைவியின் தம்பி.

இதில் இன்னொரு தொல்லை உண்டு. எல்லா வாத்தியமும் ஒரே சுருதியில் செய்யப்பட்டவை அல்ல. கிளாரினெட்டில் ச என்று பிடிக்கிறதை ஹாரனிலும் ச என்று பிடித்தால் வேறு சத்தம் வரும். ஹாரன் மற்றவர்களோடு சேர வேண்டுமானால் அத்தனை சுரத்தையும் சில படிகள் இறக்கிப் பிடிக்க வேண்டும். ஆகவே ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் பார்த்து ஊத முடியாது.

பாட்டு வரும் வழியும் ஒன்றல்ல. சினிமா ரெக்கார்டு, நாகசுரக்காரர் வாசிக்கும் கீர்த்தனை, அரண்மனைக் காலத்து மார்ச், மாதா கோவில் பாட்டு என்று எங்கிருந்தெல்லாமோ வரும். ஒவ்வொரு பாட்டையும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் வாத்தியார் ஒருவரே உட்கார்ந்து தனித்தனியாக எழுதினார். புதுப் பாட்டு ஒன்று வந்தால் ஆள் எத்தனையோ அத்தனை தடவை எழுத வேண்டும். புது ஆள் ஒருவர் வந்தால் தெரிந்த பாட்டெல்லாவற்றையும் அவருக்காக மறுபடி எழுத வேண்டும். அவர் எழுத்தில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அச்சடித்தது மாதிரி இருக்கும். ஆனால் அது முடிவதற்குள் பாட்டு பழசாகிவிடும்.

அரிமளத்தில் ஒரு கல்யாணத்தில் ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே பக்கத்து ஆளிடம் சொன்னார்: "போன வருசப் பாட்டை வச்சுக்கிட்டு இந்த வருசத்து மாப்பிள்ளைய அழைக்க வந்திருக்காங்கப்பா."

வாத்தியார் காதில் அது விழுந்தது. அன்றைக்கு அவர் பந்தியில் உட்காரவில்லை.

என் வீடு மைக்செட் வாடகைக்கு விடுகிற கடைக்குப் பின்புறம். புது ரெக்கார்டு வந்தால் அந்தக் கடைக்காரர் ஊசி தேயத் தேயப் போடுவார். ஊரில் யாருக்கும் முன்னால் பாட்டு என் காதில் இருக்கும். ஆனால் அதைப் பாடிக்காட்ட என்னால் முடியாது. பேண்டுக்காரர்கள் முன்னால் நின்று வாயைத் திறந்து பாடுவதைவிட டிரம்முக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். அதனால் டிரம் மாட்டுகிற ஆணிக்குக் கீழே, சுவரில், அடுப்புக்கரியால் எழுத ஆரம்பித்தேன்.

தாளம் என் கையில் இருந்தது. அதனால் கட்டத்திலிருந்து தொடங்கினேன். ஒரு தட்டுக்கு ஒரு கட்டம். கட்டங்களின் நடுவே குறுக்காக ஒரு கோடு. அதற்குத் தரை என்று பெயர் வைத்துக்கொண்டேன். பாட்டு எந்தச் சுரத்தில் வந்து நிற்குமோ அதுதான் தரை. பாட்டு அங்கிருந்து ஏறினால் கோட்டுக்கு மேலே புள்ளி, இறங்கினால் கீழே புள்ளி. எத்தனை படி ஏறியதோ அவ்வளவு உயரம். அரைப்படிக்குப் புள்ளியில் ஒரு வால். அவ்வளவுதான். அது கிளாரினெட்டின் தரையும் அல்ல, கார்னெட்டின் தரையும் அல்ல. எந்த வாத்தியத்திலும் அப்படி ஒரு தரை கிடையாது.

ஒரு நாள் கிளாரினெட்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி இது, எறும்பு ஊருது?"

"பாட்டுங்க."

"யாருக்கு எழுதுனது?"

"யாருக்கும் இல்லைங்க."

அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரலால் கட்டத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். பாதிச் சுவர் போனதும் உதட்டுக்குள் பாட்டு வந்துவிட்டது.

"அட, இது அந்தப் புதுப் படத்துப் பாட்டுல்ல. சரி, கமகம் எங்க? இங்கிட்டு வளைஞ்சு எறங்கணுமே."

"அதை நான் எழுதலைங்க. அது ஒங்க கையில இருக்கு. யூஃபோனியத்துல அப்படி வளைக்க முடியாதுல்லங்க."

அவர் சிரித்தார். ஒரு சிகரெட் அட்டையைக் கிழித்து, சுவரைப் பார்த்துத் தமக்கு வேண்டிய ச ரி க ம-வை எழுதிக்கொண்டார். வளைவுகளை அவரே போட்டுக்கொண்டார். சாயங்காலம் யூஃபோனியக்காரருக்கு அதே சுவரைப் பார்த்துக் கட்டைகளைச் சொல்லிக்கொடுத்தோம். பாட்டை அவர் கேட்டதே இல்லை. விரல் மட்டும் கற்றுக்கொண்டது. மறுநாள் வாத்தியார் வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து ஊதிக்கொண்டிருந்தார்கள். அவர் வாசலில் நின்று கேட்டார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் டிரம் தோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கரிப்பாட்டு" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். பெயர் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு புதுப் பாட்டு ரெக்கார்டிலிருந்து ஒரே ஒரு தடவை சுவரில் ஏறும். சுவரிலிருந்து அவரவர் தம் எழுத்தில் இறக்கிக்கொள்வார்கள். எல்லாரும் இறக்கிக்கொண்டதும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த பாட்டு. வாத்தியாரும் தம் ஐந்து கோட்டில் இறக்கிக்கொண்டார். பிடிக்காமல்தான் செய்தார். ஆனால் செய்தார்.

இதற்கு ஒரு வழக்கம் உண்டாயிற்று. சுவரைப் பார்த்து யாரும் ஊதக் கூடாது. எழுதி முடித்தவர் வாத்தியத்தை எடுத்ததும் சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும். கிளாரினெட்காரர்தான் அதைக் கொண்டுவந்தார். "கண்ணு அங்கிட்டுப் போச்சுன்னா கை தப்பிப் போகும்" என்பார். புதிதாக யாராவது லாயத்துக்கு வந்தால், ஐந்தாறு பேர் வெறும் தெருவைப் பார்த்து ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்து விழிப்பார்கள்.

வழக்கத்தை மீறியவர் ஹாரன்காரர். அன்னவாசலில் ஒரு பெரிய கல்யாணம். முந்தின நாள் எல்லாரும் கூடி ஊதிப் பார்த்தபோது அவர் வரவில்லை. கல்யாணத்தன்று பஸ்ஸுக்கு நேரமான பிறகு லாயத்துக்கு வந்து, சுவரில் இருந்ததை அப்படியே ஒரு காகிதத்தில் பார்த்தெழுதிக்கொண்டு ஓடிவந்தார். படி இறக்கவில்லை. சுவரின் தரையைத் தம் ஹாரனின் தரை என்றே எடுத்துக்கொண்டார். சுவரையே கையில் கொண்டுவந்து பார்த்து ஊதினது மாதிரிதான்.

மாப்பிள்ளை அழைப்பு கடைத்தெரு திரும்பும்போது புதுப் பாட்டை எடுத்தோம். பாட்டு ஒன்றுதான். ஆனால் ஹாரன் வேறு ஏதோ ஓர் உயரத்தில் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. யூஃபோனியக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மற்றவர்கள்தான் தவறுகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, ஹாரன்காரர் கன்னம் புடைக்க இன்னும் பலமாக ஊதினார்.

"ஏங்க, ஒங்கள்ல ஒருத்தரு மட்டும் ராமேஸ்வரம் வண்டி ஏறிட்டாரு, எறக்கி விடுங்க" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

பெண்டுகள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் காருக்குள் சிரித்தார். பாட்டை நடுவில் நிறுத்தி, பழைய மார்ச்சுக்கு மாறினோம். வாத்தியார் முகத்தை நான் பார்க்கவில்லை.

மறுநாள் லாயத்தில் எல்லாரும் இருந்தோம். ஹாரன்காரர் பேசத் தொடங்கினார்.

"மச்சான், சொவத்துல இருக்கிறதைத்தான் நான் ஊதுனேன். தப்பு அங்க இருக்கு."

"சொவத்துல இருக்கிறதை ஊதுனதுதான் தப்பு மாப்பிள்ளை" என்றார் வாத்தியார். அவர் நியாயம் தெரியாதவர் அல்ல. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, இனிமே ஹாரனுக்குத் தக்கபடி சொவத்துல எழுதிரு. அவரு பாத்து நேரா ஊதிக்கிரட்டும். மத்தவங்க கூட்டிக் கொறச்சு எழுதிக்குவாங்க. ஒன் சொவரும் இருக்கும், எங்க வீட்டுலயும் சண்டை இருக்காது."

அவர் கேட்டது பெரிய விஷயமாக யாருக்கும் தோன்றியிருக்காது. கிளாரினெட்காரர்கூடத் தலையை ஆட்டிவிட்டார். எனக்குத் தோன்றியது. ஹாரனுக்காகச் சுவர் ஒரு தடவை குனிந்துவிட்டால், அது ஹாரனின் காகிதம். மற்றவர்கள் ஒவ்வொருவரும் ஹாரனைக் கடந்துதான் பாட்டுக்குப் போக வேண்டும். நாளைக்கு ஹாரன் இல்லையென்றால் சுவரே பொய். யாருக்கும் சொந்தமில்லை என்கிற ஒன்றுதான் அதற்கு இருந்த பலம். அதையும் கொடுத்துவிட்டால் அது வெறும் கரி.

இவ்வளவையும் அன்றைக்கு நான் சொல்லவில்லை. என்னால் முடியாது.

"அது ஆகாதுங்க" என்றேன்.

"ஏன் ஆகாது?"

"ஒருத்தருக்குன்னு எழுதுனா மத்தவங்களுக்கு ஆகாமப் போயிருங்க."

"யாருக்கும் ஆகாத எழுத்தை வச்சுக்கிட்டு என்னப்பா பண்றது? நாந்தான் நேரா அவங்கவங்களுக்கு எழுதிக்கிட்டு இருந்தேனே. நடுவுல இது என்ன தரகு?"

ஹாரன்காரர் பக்கத்திலிருந்து, "தோலு தட்டுறவருக்குச் சொரம் எதுக்கு மச்சான்?" என்றார்.

வாத்தியார் அதற்குச் சிரிக்கவில்லை. ஆனால் கோபம் ஏறிவிட்டது. மூலையில் யாரோ நீற்றி வைத்திருந்த சுண்ணாம்பு இருந்தது. அதைக் காட்டினார்.

"அப்ப சொவரே வேண்டாம். நீயே எழுதுனது, நீயே அடிச்சிரு."

"மாட்டேங்க."

என் காது இரண்டும் சுட்டது. இருந்தாலும் வார்த்தை வந்துவிட்டது. அதை விழுங்கத் தோன்றவில்லை.

"அடிக்க மாட்டேன்னா டிரம்மை எறக்கி வச்சிட்டுப் போ" என்றார்.

வாரைக் கழற்றி டிரம்மைத் தரையில் இறக்கினேன். போகவில்லை. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அவர் போ என்று இன்னொரு தடவை சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, மட்டையை எடுத்து, தாமே சுவரை அடித்தார். என் தலைக்கு மேலேயும் அடித்தார். சுண்ணாம்பு என் சட்டையில் தெறித்தது. நகர்ந்து உட்காரவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்த சண்டை.

வீட்டில் என் மனைவி சட்டையைப் பார்த்தாள்.

"பேண்டுக்குப் போனீகளா, வெள்ளையடிக்கப் போனீகளா?"

"ரெண்டும் இல்லை" என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

"நாளைக்கு யாரு வீட்டுல கொட்டு தட்டுவீக?" என்றாள். ஆனால் அவள் அந்தச் சட்டையைத் துவைக்கும்போது அடுப்பிலிருந்து நல்ல கரியாக இரண்டை எடுத்துத் தனியே வைத்திருந்ததைப் பார்த்தேன்.

அந்த வாரமே ஹாரன்காரர் திருச்சிப் பேண்டு ஒன்றோடு போய்விட்டார். அன்னவாசலில் சிரித்த முகங்களில் மறுபடி விழிக்க முடியாது என்று அக்காளிடம் சொன்னாராம். சுவரும் போயிற்று, வாத்தியார் யாருக்காகச் சுவரை வளைக்கச் சொன்னாரோ அவரும் போனார். அடுத்து மணமேல்குடியில் கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சிலோன் ரேடியோ கேட்கிறவர்கள். அதில் அப்போது ஓடிக்கொண்டிருந்த புதுப் பாட்டு வேண்டும் என்று அழுத்திச் சொல்லிவிட்டார்கள். ஹாரன் இடத்துக்கு வாத்தியார் அறந்தாங்கியிலிருந்து பட்டாளத்தில் ஊதிய ஒருவரைக் கூட்டிவந்தார். அவருடைய வாத்தியம் டிராம்போன். அதில் அமுக்கக் கட்டையே கிடையாது. குழாயை முன்னும் பின்னும் இழுத்துச் சுரம் பிடிக்க வேண்டும். அவர் பாட்டை எழுதுவது, குழாயை எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும் என்று. அந்தக் கணக்கு வாத்தியாருக்குத் தெரியாது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

நான் போகாமல் இல்லை. டிரம் தட்டச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. டிராம்போன்காரர் பழக வர இருந்த அன்று காலையில் எல்லாருக்கும் முன்னால் போனேன். சுவர் பளீரென்று இருந்தது. அழுக்குச் சுவரில் எழுதியவனுக்கு அப்படி ஒரு வெள்ளை கிடைத்தால் விடுவானா? அடித்துக் கொடுத்தவர் வாத்தியார்தானே. முன்பு ஆணிக்குக் கீழே ஒளித்து எழுதியவன், இந்தத் தடவை வாசலுக்கு எதிரே, ஆள் உயரத்துக்குக் கட்டம் போட்டேன். தரைக்கோட்டைச் சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே இழுப்பாக இழுத்தேன். மைக்செட் கடையில் கேட்டிருந்த அந்தச் சிலோன் ரேடியோப் பாட்டு முழுவதையும் எழுதினேன்.

கிளாரினெட்காரர் முதலில் வந்தார். "ஆத்தாடி" என்றார். பிறகு சிகரெட் அட்டையைத் தேடினார்.

டிராம்போன்காரர் வந்து சுவரைப் பார்த்து, "என்னங்க, கோயில் மதிலா?" என்று கேட்டார். கிளாரினெட்காரர் சொல்லிக்கொடுத்தார். கட்டம் தட்டு, கோடு தரை, புள்ளி படி. ஒங்க வாத்தியத்துல இந்தத் தரை எங்க விழுதுன்னு மட்டும் கண்டுபிடிங்க, மத்தது தானா வரும் என்றார். வந்தவர் கிளாரினெட்காரரைத் தரைச்சுரம் ஊதச் சொல்லி, குழாயை இழுத்து இழுத்துப் பார்த்து ஒரு இடத்தில் நிறுத்தினார். பிறகு உட்கார்ந்து எழுதினார். பக்கத்தில் யாரும் நிற்க வேண்டியிருக்கவில்லை. சுவரில் ஒரு புள்ளியைக்கூட நான் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஹாரனுக்குத் தக்கபடி எழுதியிருந்தால் அந்தக் காலை என்னவாகியிருக்கும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். தகுதி இருந்தது.

வாத்தியார் வந்தபோது டிராம்போன்காரர் தெருவைப் பார்த்து நின்று பாதிப் பாட்டை ஊதிக்கொண்டிருந்தார். வாத்தியார் உள்ளே வந்து சுவருக்கு எதிரே நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை நடந்தார். நான் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றேன். இந்தத் தடவை உட்காரவில்லை.

"இப்பத்தான் சுண்ணாம்பு காஞ்சுது" என்றார்.

"ஆமாங்க. கரி நல்லாப் பிடிக்குது."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கீழே கிடந்த கரித்துண்டை எடுத்தார். அழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் இரண்டு கட்டங்களுக்கு நடுவே மேலே ஒரு சின்னக் கொக்கி போட்டார். இன்னும் தள்ளி இன்னொரு கொக்கி.

"இங்க மூச்சு எடுக்கணும்ப்பா. கொட்டுக்காரன் எழுதுனா இப்படித்தான். ஊதுறவன் செத்துருவான்."

அவர் சொன்னது சரி. மூச்சைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. ஆனால் அந்தக் கொக்கிகள் அவருடைய கார்னெட்டுக்கு வேண்டிய மூச்சு. யூஃபோனியத்துக்கு அதற்கு முன்னாலேயே காற்று தீர்ந்துவிடும். கிளாரினெட்காரர் அதைத் தாண்டியும் போவார். நான் சுவருக்குப் போய், உள்ளங்கையால் இரண்டு கொக்கிகளையும் துடைத்தேன்.

"அவங்கவங்க மூச்சு அவங்கவங்க காகிதத்துல இருக்கட்டும் வாத்தியாரே."

கிளாரினெட்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். யூஃபோனியக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். வாத்தியார் என் கரிபடிந்த கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பேசாதவன்னு நெனச்சுத்தான் ஒன்னைச் சேத்தேன்" என்றார்.

தம் காகிதத்தை எடுத்து ஐந்து கோடு கிழித்தார். சுவரைப் பார்த்துப் பார்த்து இறக்கினார். மூச்சுக் கொக்கிகளைத் தம் காகிதத்தில் போட்டுக்கொண்டார். கார்னெட்டை எடுத்துத் துடைத்தார். பிறகு என் சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, "டிரம்மைத் தூக்குப்பா" என்றார்.